எங்கள் மில்லும் ஜெர்மன் பலகையும்

நவம்பர் 4, செவ்வாய்

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மரம் அறுக்கும் வாள்களை நிறுத்திவிட்டு எல்லாரையும் சாப்பாட்டு மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். வேலை நேரத்தில் வாள் நின்றால் காது அடைத்துப்போன மாதிரி இருக்கும். மேலாளர் கிரெக் புதுச் சப்பாத்தோடு நின்றான். மரத்தூள் ஒட்டாத சப்பாத்துப் போட்ட எவனையும் நான் நம்புவதில்லை.

சுவரில் ஒரு படம் காட்டினான். அமெரிக்கா வாங்குகிற மென்மரப் பலகை, அதாவது எங்களைப்போல ஸ்புரூஸும் பைனும் அறுக்கிறவர்களின் பலகை, கனடாவிலிருந்து எவ்வளவு, ஜெர்மனியிலிருந்து எவ்வளவு என்று இருபது வருட ஒப்பீடு. கனடாவின் கோடு படியிறங்கிக்கொண்டு போனது. ஜெர்மனியின் கோடு நெடுங்காலம் தரையோடு கிடந்துவிட்டு எழும்பி நடக்கத் தொடங்கியிருந்தது.

"எங்கள் சந்தையை ஐரோப்பா எடுத்துவிட்டது. அமெரிக்கா போடுகிற வரியும் ஏறிவிட்டது. சந்தை திரும்பும்வரை மில்லைக் காலவரையறையின்றி நிறுத்துகிறோம்" என்றான் கிரெக். டிசம்பர் ஐந்தாம் தேதி கடைசி வேலை. இந்த ஹார்லன் லேக் ஊரில் மில்லை விட்டால் ஒரு பெற்றோல் நிலையமும், ஒரு முதியோர் இல்லமும், பனியும்தான்.

படத்தின் அடியில், எறும்பெழுத்தில், தயாரித்தவர் பெயர் இருந்தது. கே. சின்னத்துரை, போர்ட்லண்ட், அமெரிக்கா. என் ஹெல்மெட்டில் "சின்னா" என்று ஒட்டியிருக்கிறது. இந்த ஊரில் என்னைத் தயாபரன் என்று கூப்பிடுகிறவள் என் மனைவி மட்டும்தான். அவளும் கோபம் வந்தால்தான்.

யூனியன் கிளைத் தலைவன் டேல் பக்கத்தில் நின்றான். அவன் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"சின்னா, உது உன்ரை சொந்தமோ?"

"இல்லை. எங்கடை நாட்டிலை அந்தப் பேர் மூலைக்கு மூலை இருக்கு."

அந்தக் கே என்பது குகநேசன், மரச் சந்தைக் கணக்குப் பார்க்கும் என் தம்பி. ஒரே தாய், ஒரே தகப்பன். இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நவம்பர் 5, புதன்

மில் மூடப்போகிறது என்று என் மனைவி மலரிடம் சொன்னேன். படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. "ம்" என்றாள். வாழ்க்கை கவிழ்கிறது என்று ஒருவன் சொன்னால் "ம்" என்பதுதான் இவள் பதில்.

நவம்பர் 8, சனி

காருக்குப் பனிக்கால ரயர் மாற்றினேன். ஒரு நட்டு இறுகிப்போய்ப் பாதி நாளைத் தின்றுவிட்டது. நட்டைத் திட்டத் தொடங்கி, நடுவில் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குள் கதை இல்லாமல் போனது பல வருடத்துக்கு முன், ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மலரின் அக்கா வீட்டில். எல்லாரும் சாப்பாட்டில் இருக்கும்போது, அவ்வளவு பேருக்கும் முன்னால் சொன்னான்: "அண்ணை, உங்கடை பக்கக் காட்டை வண்டு திண்டு முடிச்சிட்டுது. மிச்சத்தை நெருப்புத் தின்னுது. பத்து வருசத்திலை அந்த மில் இருக்காது. இப்பவே வெளிக்கிட்டு ரொறன்ரோவுக்கு வாங்கோ."

வாழ்க்கையில் ஒரு பலகை தூக்காதவன் எனக்கு மரத்தைப் பற்றிப் படிப்பிக்கிறான். அதைத்தான் அவனிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து வந்தேன். அன்றிலிருந்து அவனோடு கதைக்கவில்லை. மலர் கதைக்கிறாள். கதைக்கும்போது கீழ் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

அப்போது மலரும் ரொறன்ரோவுக்குப் போகலாம் என்றுதான் சொன்னாள். அவளுக்கு அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க ஆசை, வேறென்ன.

நவம்பர் 10, திங்கள்

என் வேலை தரம் பார்ப்பது. சங்கிலியில் வரும் ஒவ்வொரு பலகையையும் புரட்டி, முடிச்சும் வெடிப்பும் பார்த்து, மெழுகுக் கட்டியால் குறி போடுவேன். இன்று வந்தவை பாதிக்கு மேல் நீலம் படிந்தவை. வண்டு விழுந்து செத்த மரத்துக்கு அந்த நீலம் இருக்கும். வீடு கட்டுகிறவனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

சாப்பாட்டு மண்டபத்தில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. நல்லது. பத்திரிகையை முழுதாக விரித்துப் படிக்க இடம் கிடைத்தது.

நவம்பர் 12, புதன்

என் லொக்கர் கதவில் சோக்கால் எழுதியிருந்தார்கள்: "ஜெர்மனி எப்படி?" கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். வாள் பிரிவில் வேலை செய்யும் ரே என்ற தடியன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எழுதவில்லை என்றால் அவனுக்கு யார் எழுதியது என்று தெரியும்.

"இன்னும் துடைக்க வேணும், அந்த மூலையிலை இருக்கு" என்றான்.

துடைத்தேன்.

நவம்பர் 13, வியாழன்

டேல் சங்கிலிப் பக்கம் வந்தான். கொம்பனி காட்டிய படத்தை யூனியன் அப்படியே விழுங்கப்போவதில்லை என்றான். அதைச் செய்த போர்ட்லண்ட் ஆளுக்கே நேரே எழுதி, இங்கே வந்து எங்களுக்கு விளக்க முடியுமா என்று கேட்டார்களாம். ஓம் என்று பதில் வந்துவிட்டதாம். இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமை பின்னேரம், யூனியன் மண்டபம்.

"நீ வருவாய்தானே, சின்னா?"

"வராமல் எங்கை போறது" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பலகை ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மலரைப் பிடித்தேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அவன் இஞ்சை வாறானாம். உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அந்தப் படம் அவன் செய்தது எண்டும் தெரியுமோ?"

"தெரியும். நீங்கள் அவனை ஆரெண்டே தெரியாது எண்டு சொன்னதும் தெரியும்."

"அதை உனக்கு ஆர் சொன்னது?"

"டேலின்ரை மனுசி என்னோடைதானே முதியோர் இல்லத்திலை சமைக்கிறா. அவ கேட்டா, நான் பதில் சொன்னன்."

"என்ன பதில் சொன்னனீ?"

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. சோறு ஆறுது."

இவளிடம் ஒரு கேள்விக்கு நேரான பதில் வாங்குவது கல்லில் நார் உரிப்பது. சாப்பிட்டேன். உப்புக் கூடிவிட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

தம்பியின் அழைப்பு வந்தது. மலரின் போன், அவள் குளித்துக்கொண்டிருந்தாள். ஏசுவதற்காகத்தான் எடுத்தேன்.

"மச்சாள்…"

"மச்சாள் இல்லை."

என் குரலை அடையாளம் கண்டுகொண்டான். பிறகு சொன்னான்: "அண்ணை, நான் சனிக்கிழமை வாறன். உங்களுக்கு விருப்பமில்லையெண்டாச் சொல்லுங்கோ, வரேல்லை."

"நீ வந்தால் என்ன, வராட்டில் என்ன."

"அந்தப் படத்தை நான் உங்கடை கொம்பனிக்கெண்டு செய்யேல்லை. ஆரும் காசு குடுத்து வாங்கிற அறிக்கை. அவை வாங்கி, தங்களுக்கு வேண்டினதை மட்டும் காட்டியிருக்கினம்."

"படம் சரியோ பிழையோ?"

"சரி."

"அப்ப என்னத்தைக் கதைக்கிறாய்?"

"அதிலை வேறை படங்களும் இருக்கு. ஜெர்மன் பலகை ஏறினதாலை உங்கடை இறங்கேல்லை, அண்ணை. உங்கடை பக்கத்திலை மரம் முடிஞ்சு இறங்கினது. வெறுமையாக் கிடந்த இடத்துக்குத்தான் ஜெர்மனி வந்தது. அதை முன்பின்னாக் காட்டினால் கொம்பனிக்கு வசதி. சந்தை திரும்பும், மில் திறக்கும் எண்டு சனத்தைக் காக்க வைக்கலாம். நிரந்தரமா மூடினால் அவை உங்களுக்கு நட்டஈட்டுக் காசெல்லாம் தரவேணும். காக்க வைச்சால் ஒண்டும் தரத் தேவையில்லை."

"பலகை தூக்காதவன் பலகையைப் பற்றிக் கதைக்கக் கூடாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மரம் இல்லை என்று சொல்ல இவன் யார்? போன வருடம் முழுக்க என் தொடை மொத்தத்துக்கும் குறைந்த மரங்கள்தான் வந்தன என்பது எனக்குத் தெரியாதா? முந்தின வருடமும் அப்படித்தான். அது மில்லுக்குள் இருக்கிற விஷயம். வெளியில் இருக்கிறவனுக்கு என்ன கதை.

நவம்பர் 21, வெள்ளி

மலர் ஆட்டிறைச்சிக் கறி வைக்கிறாள். எனக்கு இல்லையாம்.

நவம்பர் 22, சனி

மண்டபம் நிறைந்துவிட்டது. பெண்டுகள்கூட வந்திருந்தார்கள். நனைந்த ஜக்கெற்றும் கோப்பியும் கலந்த மணம். நான் கடைசி வரிசையில், கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் இருந்தேன். மலர் என்னோடு இருக்காமல் டேலின் மனைவியோடு போய் இருந்தாள்.

தம்பி நகரத்து மெல்லிய மேலங்கியோடு வந்தான். வடக்கு எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாமல் வந்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது. மேடையில் ஏறி மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். என் முகத்துக்கு வந்த பார்வை நிற்காமல் அடுத்த ஆளுக்குப் போனது.

சுற்றி வளைக்காமல் கதைத்தான். அந்தப் பழைய படத்தையே போட்டு, இரண்டு கோட்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றை வைத்தான். இந்தப் பக்கக் காடுகளில் வெட்ட முடிந்த மரத்தின் அளவு. அது முதலில் விழுந்தது. அதற்குப் பின்னால் எங்கள் பலகை விழுந்தது. அதற்கும் பிறகுதான் ஜெர்மனியின் கோடு எழும்பியது. வரி குறைந்திருந்த காலத்தில்கூட இந்த மாகாணத்தின் கோடு நிமிரவில்லை என்று விரலால் காட்டினான்.

"இந்த மில் திரும்பத் திறக்காது" என்றான். "காலவரையறையின்றி என்ற சொல்லை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நிரந்தரமாக மூடுகிறோம் என்று அவர்களிடம் எழுதி வாங்குங்கள். அறுக்க மரம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். இங்கே இருக்கிறவர்களில் அந்த மரங்களைக் கையால் புரட்டியவர்கள் இருக்கிறீர்கள்."

அதோடு மண்டபம் வெடித்தது. முப்பது வருடம் ஒரு இடத்தில் வேலை செய்தவனிடம் அது முடிந்துவிட்டது என்று வெளியாள் வந்து சொன்னால் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? உனக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று கத்தினார்கள். அமெரிக்காவுக்கே திரும்பிப் போ என்றார்கள். அதற்கும் முன்னால் வந்த இடத்துக்குப் போ என்றும் ஒரு குரல் கேட்டது. அது என்னையும் சேர்த்துத்தான் என்று அந்தக் குரலுக்கு விளங்கியிருக்காது. எவனோ கோப்பிக் கோப்பையை எறிந்தான். தம்பி அதை மேலங்கியில் வாங்கி, கைக்குட்டையால் துடைத்தான். அசையாமல் நின்றான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கும்போதும் அப்படித்தான் நிற்பான்.

பிறகு ரே எழும்பினான்.

"இஞ்சையும் ஒரு சின்னத்துரை இருக்கிறான். பின்னாலை, கோப்பி மெசினடியிலை. உன்ரை ஆளோ?"

மண்டபம் முழுக்கத் திரும்பியது. நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். நுனியில் ஈயச் சாம்பல் நிறத்தில் சேறு காய்ந்திருந்தது. நிமிர்ந்தபோது தம்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்க அவன் நேரம் தந்தான். அதை இங்கே எழுதத்தான் வேண்டும். நேரம் தந்தான்.

"இல்லை" என்றான். "எங்கள் நாட்டில் அந்தப் பெயர் மூலைக்கு மூலை இருக்கும்."

நான் சொன்ன அதே சொல். மலர் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். யாரோ சிரித்தார்கள். நாலைந்து பேர் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே போனார்கள். ரேயும் போனான்.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கொலர்ப் பொத்தானைக் கழற்றினேன்.

கூட்டம் கலைந்ததும் மலர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனாள். நான் கோப்பி ஊற்றினேன். மெசினில் அடியில் தங்கிய கசடுதான் இருந்தது. குடித்தேன். அவன் கார் போயிருக்கும் என்று நினைக்கும்வரை வெளியே போகவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

மலர் கீழ் அறையில் படுத்தாள். தேத்தண்ணியை நானே போட்டேன். அவள் மேலே வந்ததும் கேட்டேன்.

"கறியைக் கொண்டு போனவனோ?"

"கொண்டு போனவன். முன்கண்ணாடி இல்லாத காரிலை."

"என்ன?"

"நாங்கள் வெளியிலை வரேக்கை அடிச்சு நொறுக்கியிருந்தது. ஓட்டுற பக்கத்திலை ஒரு துண்டும் நிக்கேல்லை. கண்ணாடித் துண்டுகளை நானும் அவனும் கையாலை பொறுக்கினம். இந்த ஊரிலை சனிக்கிழமை பின்னேரம் கண்ணாடி போட ஒரு கடை இல்லை. என்ரை சால்வையை முகத்திலை சுத்திக்கொண்டு குளிருக்குள்ளை பிரின்ஸ் ஜோர்ஜ் ரவுண் வரைக்கும் கார் ஓடினவன்."

"ஆர் செய்தது?"

"உங்கடை ஆக்கள்."

"பொலிசுக்குச் சொன்னதோ?"

"வேண்டாமெண்டிட்டான். அண்ணை இருக்கிற ஊர், பிறகு அவருக்குக் கரைச்சல் எண்டான்."

அவன் என்னைப்பற்றி யோசிக்கச் சொல்லி நான் கேட்டேனா?

நவம்பர் 24, திங்கள்

வீட்டு ஹீற்றர் பற்றி எரியவில்லை, குழாய் உறைந்துவிட்டது. ஹீற்றர்காரன் நாளைக்குத்தான் வருவானாம். வீட்டுக்குள்ளேயே மூக்கு விறைக்கிறது. பிரின்ஸ் ஜோர்ஜுக்கு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். மாதம் ஒருமுறை சாமான் வாங்கப் போகிற பாதை.

நவம்பர் 28, வெள்ளி

யூனியன் கொம்பனியோடு மூன்றாம் முறையாகப் பேசியது. இம்முறை டேல் மர அளவுக் கதையை எடுத்தானாம். காட்டில் மரம் வெட்டும் உரிமையை வேறு ஆட்களுக்கு விற்கப் பேச்சு நடக்கிறதா என்று நேரே கேட்டானாம். கிரெக் பேச்சை மாற்றினானாம். தரம் பார்க்கிறவன் என்ற முறையில் டேல் என்னிடமும் வந்து கேட்டான், மரம் எப்படி வருகிறது என்று.

"மெல்லிசு" என்றேன். "நாலு வருசமா."

"நாலு வருசமா நீ ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"ஒருத்தரும் கேக்கேல்லை."

டிசம்பர் 3, புதன்

கொம்பனி எழுதிக் கொடுத்துவிட்டது. நிரந்தரம். சட்டப்படி வரவேண்டியது எல்லாருக்கும் வரும். சாப்பாட்டு மண்டபத்தில் கைதட்டினார்கள். மில் செத்ததற்குக் கைதட்டு. தம்பியின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

கடைசி நாள். கடைசியாக வந்த பலகையில் பெரிய முடிச்சு ஒன்று. கீழ்த் தரம் போட்டேன். இரக்கம் பார்க்கவில்லை.

எல்லாரும் கைகுலுக்கி, ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒருவரும் வரவில்லை. லொக்கரை வெறுமையாக்கிக்கொண்டு டேலிடம் போனேன். வாசலில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"டேல், போர்ட்லண்டிலை இருந்து வந்த ஆள் என்ரை தம்பி."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"உன்ரை மனுசி என்ரை மனுசிக்கு எப்பவோ சொல்லிட்டா. கூட்டத்துக்கு முன்னமே மில் முழுக்கத் தெரியும்."

"அப்ப ரே ஏன் அவனிட்டைக் கேட்டவன்?"

"அவன்ரை கேள்வி உனக்கு, சின்னா. உன்ரை தம்பிக்கில்லை." கையுறைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து மடித்தான். "நீ எழும்பி ஓம் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா, ஒருத்தனும் அவன்ரை காரிலை கை வைச்சிருக்க மாட்டான். உன்ரை ஆள் எண்டு விட்டிருப்பாங்கள். நீயே வேண்டாமெண்டவனை நாங்கள் ஏன் பாக்கிறது?"

நான் கையை நீட்டினேன். அவன் அதைக் காணாதவன்போல வெளியே போய்விட்டான்.

டிசம்பர் 6, சனி

ஒன்றும் செய்யவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் மலரிடம் தம்பியின் நம்பர் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் தன் போனையே தந்தாள். வேண்டாம், என் போனில் கூப்பிடுகிறேன் என்றேன். நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஹலோ, ஆர்?"

"நான்."

"நான் எண்டா?"

"அண்ணன்."

"ஆற்றை அண்ணன்?"

கேட்கத்தானே வேண்டும். நான் என்றாலும் கேட்டிருப்பேன்.

"உன்ரை" என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"என்னை ஏச வேணுமெண்டா ஏசு" என்றேன். "நிக்கிறன்."

ஏசத் தொடங்கினான். ஸ்காபரோவில் சோற்றை விட்டு எழும்பியதில் தொடங்கினான். மலரை இந்தப் பனிக்குள் வைத்துக் காயப்போட்டதைச் சொன்னான். எத்தனை முறை போன் அடித்தான், ஒவ்வொரு முறையும் நான் எடுக்காமல் விட்டதை மலர் எப்படிச் சொல்லி மழுப்பினாள் என்பதெல்லாம் சொன்னான். எங்கள் அப்பாவே என்னிடம் கதைக்கப் பயந்தவர் என்றான். அது எனக்குத் தெரியாது. மண்டபத்தில் என் சப்பாத்தைப் பார்த்தேனே, அதைச் சொல்லும்போது குரல் உடைந்து, உடைந்ததற்காக இன்னும் உரக்க ஏசினான். தமிழில் இவ்வளவு கெட்ட வார்த்தை அவனுக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நான் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றிரண்டு இடத்தில் பதில் நாக்கு நுனிவரை வந்தது. அவன் சொன்னதில் இரண்டு விஷயம் பிழை. இருக்கட்டும்.

கால் வலிக்கத் தொடங்கியது. அவன் நிறுத்துகிற மாதிரித் தெரியவில்லை. மலர் குசினியிலிருந்து ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் வைத்தாள். அதில் உட்கார்ந்து கேட்டேன்.